கருணாகரன் மேஸ்திரியும் பூஜையில் வைத்த மாஸ்க்கும்

"மாஸ்க் இருந்துச்சுன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் போடல?"

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இப்படித்தான் கேட்டார். என் அண்ணன் சித்தார்த் கைக்குட்டையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் கருணாகரன் மேஸ்திரி. எனக்குப் பதில் தெரியும். ஆனால் வெளியே அத்தனை பேர் காத்திருக்க, அந்தப் பதிலை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. இப்போது நேரம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முதலில் கருணாகரன் மேஸ்திரி யார் என்று சொல்ல வேண்டும். அவரை 'அவர்' என்று எழுதுவது வயதுக்காகத்தான். வேறு மரியாதை எதுவும் என்னிடம் மிச்சமில்லை.

அவர் திருவொற்றியூரில் கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில் பிறந்தவர். அப்பா, சித்தப்பா எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். இவருக்குப் படகில் ஏறினால் வாந்தி. அதனால் மீசை முளைக்கும் முன்பே டிங்கரிங் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். அடிபட்டு நசுங்கிய வண்டியின் தகட்டைத் தட்டி நிமிர்த்துவது, கிழிந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது, மேடு பள்ளத்துக்குப் பட்டி பூசித் தேய்ப்பது, இதுதான் டிங்கரிங். எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ராப்பகலாக வரிசையில் நிற்கும். அவை ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்வரை எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

அந்தப் பட்டறைகளில் கருணாகரன் மேஸ்திரிக்குப் பெரிய பேர். காரணம் அவருடைய உள்ளங்கை. வண்டிக் கதவின் மேல் கையை வைத்து, கண்ணை மூடி, மெதுவாக இழுத்துக்கொண்டே போவார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க ஒரு நூல் பள்ளம் கீது" என்பார். வெளிச்சம் அடித்துப் பார்த்தால் இருக்கும். இதைப் பார்ப்பதற்காகவே டிரைவர்கள் புது ஆட்களைக் கூட்டி வருவார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது நானும் ஒருமுறை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன்.

அந்தப் பேரை வைத்துக்கொண்டு அவர் செய்த அட்டகாசம்தான் தாங்க முடியாதது. வெல்டிங் மாஸ்க் போடுகிறவனை அவருக்குப் பிடிக்காது. தகட்டைப் பொருத்திப் பிடித்து ஆங்காங்கே ஒரு பொட்டு வெல்டிங் வைப்பதை டாக் அடிப்பது என்பார்கள். அதற்கு மாஸ்க் எதற்கு, வெல்டிங் ராடு தகட்டைத் தொடும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டால் போதாதா என்பது அவர் கொள்கை. மூடிய இமை வழியாகவும் வெளிச்சம் இறங்கும் என்பதும், நினைத்ததற்கு முன்பே ராடு பற்றிக்கொண்டால் கண் திறந்தே இருக்கும் என்பதும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. பெயின்ட்டைச் சுரண்டாமலே வெல்டிங் வைக்கச் சொல்வார். அந்தப் புகையைக் குடித்து இருமுகிறவனிடம் ஒரு துண்டு வெல்லத்தைக் கொடுத்து, எல்லாம் கீழே இறங்கிவிடும் என்பார். கேபினுக்குள் வெல்டிங் வைக்கும்போது சீட்டைக் கழற்றுவது சோம்பேறி வேலை. பேட்டரி வயரைக் கழற்றுவது பயந்தாங்கொள்ளி வேலை. காலில் ஷூ என்றால் கேட்கவே வேண்டாம். அவருடைய ரப்பர் செருப்பில் பொறி விழுந்த ஓட்டைகளைப் பதக்கம் மாதிரி காட்டுவார்.

பட்டி டப்பாக்கள் இருக்கும் அலமாரியில் ஒரு கண் சொட்டு மருந்து பாட்டில் இருக்கும். கண் எரிகிற எவனும் அதை எடுத்து விட்டுக்கொள்ளலாம். அதை எப்போது வாங்கினார்கள், மூடி எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது. மேஸ்திரிக்கு அதுதான் ஆஸ்பத்திரி.

முதலாளி சங்கரநாராயணன் தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஹார்டுவேர் கடை வைத்து, பிறகு இந்தப் பட்டறையையும் எடுத்து நடத்துகிறவர். வண்டி அனுப்புகிற ஒரு கம்பெனி, பாதுகாப்புச் சாமான் இருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னது. உடனே ஒரு வெல்டிங் மாஸ்க், தோல் கையுறை, தோல் ஏப்ரன், சிவப்பு நிறத்தில் தீயணைப்பான் எல்லாம் வாங்கினார். எல்லாம் ஒவ்வொன்று. பட்டறையில் வெல்டிங் வைப்பவர்கள் பல பேர், மாஸ்க் ஒன்று. மாதத்துக்கு ஒருமுறை யாராவது அதை மாட்டிக்கொண்டு நிற்க, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அனுப்பியதும் மாஸ்க் ஆணிக்குப் போய்விடும். இப்படி ஒரு பாதுகாப்பு.

அந்த மாஸ்க்கை ஆணியிலிருந்து எடுத்துத் தினமும் போட்ட ஒரே ஆள் என் அண்ணன்.

எங்கள் வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில். அம்மா ரமாபாய் தோல் பை தைக்கும் கம்பெனிக்குப் போகிறாள். அண்ணன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு முடித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கும்வரை என்று இந்தப் பட்டறைக்கு வந்தான். மாஸ்க் போட்ட முதல் நாளே மேஸ்திரி ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா நைனா, கல்யாணப் பொண்ணாட்டம் மூஞ்ச மூடிக்கினு கீற? மாப்ள ஊட்லேர்ந்து பாக்க வராங்களா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே மாஸ்க்கை இறக்கிவிட்டு வேலையைப் பார்த்தான். அன்றிலிருந்து பட்டறையில் அவன் பெயர் கல்யாணப் பொண்ணு. அவன் பேட்டரி வயரைக் கழற்றினால் ஒரு கிண்டல், ஈரச் சாக்கைச் சீட்டின் மேல் போட்டால் ஒரு கிண்டல். பட்டறையில் மற்றவர்களும் மேஸ்திரியோடு சேர்ந்து சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்தச் சொட்டு பாட்டிலைத் தேடுவார்கள்.

போன வருஷம் எண்ணூர் பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் அண்ணனுக்கு வேலை கூடி வந்தது. எழுத்துத் தேர்வு, வெல்டிங் தேர்வு இரண்டிலும் தேறிவிட்டான். மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. அதில் கண் பார்வைதான் முக்கியம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, பி.எஃப். எல்லாம் உண்டு. அம்மா பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டாள். பரிசோதனை விஜயதசமிக்கு மறுநாள். அண்ணன் ஆயுத பூஜையோடு பட்டறையை முடித்துக்கொள்வதாக மேஸ்திரியிடம் சொல்லிவிட்டான்.

ஆயுத பூஜை அன்று பட்டறையில் வேலை செய்கிறவர்களின் வீட்டாருக்குப் பொரி, கடலை, இனிப்பு கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு வர நானும் அண்ணனோடு போனேன். பட்டறையைக் கழுவி, மாவிலை கட்டி, சாமி படத்துக்கு முன்னால் சுத்தியல், கிரைண்டர், வெல்டிங் மிஷின் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்கள். நடுவில் மாஸ்க். பக்கத்தில் மாலை போட்ட தீயணைப்பான். மேஸ்திரி தன் கையாலேயே எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். மாஸ்க்குக்கு எங்கே வைத்தார் என்றால், பார்க்கிற கண்ணாடியின் மேலே. மூன்று விரலால் பட்டை இழுத்து, நடுவில் பெரிய பொட்டு. வருஷம் முழுக்க அந்த மாஸ்க்கைத் திட்டியவர் அன்றைக்கு அதற்குக் கற்பூரம் காட்டினார்.

பூஜை முடிந்து பொரி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு டிரெய்லர் வந்து நின்றது. டிரைவர் தௌசீஃப், பட்டறைக்குப் பழைய தோஸ்து. கேபின் கதவின் கீல் பக்கம் தகடு கிழிந்து கதவு தொங்கியது. கயிறு போட்டுக் கட்டியிருந்தார். மதியத்துக்குள் துறைமுகத்துக்குள் போகாவிட்டால் கப்பல் போய்விடும், இந்தக் கதவோடு போனால் கேட்டில் நிறுத்திவிடுவார்கள் என்றார். முதலாளி ஊருக்குப் போயிருந்தார். மற்ற பட்டறை எல்லாம் மூடிக் கிடந்தது. இன்றைக்குப் பூஜை, சாமானை எடுக்க முடியாது என்று மேஸ்திரி சொல்லியிருக்கலாம். மறுநாள் காலைவரை பூஜையில் வைத்ததை எடுக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் வழக்கம். ஆனால் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னால் முடியாது என்று அவர் எப்படிச் சொல்வார்?

இன்னொரு துண்டு கற்பூரத்தைக் கொளுத்தினார். சாமி கோபித்துக்கொள்ளாது, இது அவசரம் என்றார். பூஜையிலிருந்து வெல்டிங் மிஷினை இழுத்துக்கொண்டு வரச் சொன்னார். பெரிய சுத்தியலை அவரே எடுத்தார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அண்ணன் வழக்கம்போல வண்டியின் பேட்டரி வயரைக் கழற்றினான். சாக்கை நனைத்துச் சீட்டின் மேல் போட்டான். பிறகு மாஸ்க் பக்கம் திரும்பினான்.

"அது பூஜைல கீது" என்றார் மேஸ்திரி.

"மிஷினும்தான் மேஸ்திரி பூஜைல இருந்துச்சு."

"மிஷின் இல்லாம வேல நடக்காது நைனா. அது இல்லாம நடக்கும். நாலே டாக்கு. நான் கதவப் புடிக்கறேன், நீ கண்ண மூடிக்கினு அடி."

"நாளன்னிக்கு எனக்கு மெடிக்கல் கீது."

"அதான் கம்பெனிக்குப் போறியே, அங்க போய் மூஞ்ச மூடிக்கோ. சாமிக்கு வச்சத எடுத்து மூஞ்சில மாட்டுவியா? உங்க வூட்ல பூஜ இல்ல, உனுக்குத் தெரியாது. மத்தவங்களுக்கும் இல்லன்னு நெனச்சுக்காத."

நாங்கள் பௌத்தர்கள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. அண்ணன் அங்கே வேலை செய்த காலம் முழுக்க அவர்கள் பூஜைக்குத் தரை கழுவியிருக்கிறான், மாவிலை கட்டியிருக்கிறான். அதுவரை ஒருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது எல்லார் பார்வையும் அவன் மேல் இருந்தது. மிஷினை எடுத்தால் அவசரம். மாஸ்க்கை இவன் எடுத்தால் அவமரியாதை.

நான் மாஸ்க்கை எடுக்கப் போனேன்.

"வேணாம் மகிழினி" என்றான் அண்ணன், மிக மெதுவாக. "அப்புறம் பேச்சு வேற மாதிரி போயிடும்."

மேஸ்திரி கதவைப் பிடித்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். நான்கு டாக் என்றது நான்கில் நிற்கவில்லை. கதவு சரியான இடத்தில் நிற்காமல் ஒவ்வொரு தடவையும் மேஸ்திரி கொஞ்சம் ஏற்று, கொஞ்சம் இறக்கு என்று மாற்றிக்கொண்டே இருந்தார். அடித்ததைப் பெயர்த்து மறுபடி அடித்தார்கள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். எதிர்ச் சுவரில் அந்த நீல வெளிச்சம் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கதவு மூடியது. தௌசீஃப் கும்பிட்டுவிட்டுப் போனார். மேஸ்திரி பொரியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு, "மாஸ்க்கு கேட்டான் பாரு, மாஸ்க்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

வெளிச்சம் தாக்கிய கண் உடனே வலிக்காது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் அண்ணனுக்குக் கண்ணில் மணல் கொட்டியது மாதிரி ஆனது. பிறகு திறக்கவே முடியவில்லை. தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. டியூப் லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஐ.டி.ஐ.யில் சொல்லிக் கொடுத்ததால் அண்ணனுக்குத் தெரியும், இது ஒன்றிரண்டு நாளில் தானாகவே போய்விடும், தேய்க்காமல் இருந்தால் போதும் என்று. ஈரத் துணியை வைத்துக்கொண்டு பொறுத்திருந்தான். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றிருந்தோம்.

காலையில் ஆஸ்பத்திரி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. கருணாகரன் மேஸ்திரி, கையில் அந்தச் சொட்டு பாட்டிலோடு.

"இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? நாப்பது வருஷமா இத்தத்தான் வுட்டுக்கினு கீறேன். எனுக்கு இன்னா ஆச்சு?" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா நம்பினாள். நாளைக்குப் பரிசோதனை, எப்படியாவது கண் திறந்தால் போதும் என்று இருந்தாள். அண்ணன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். மேஸ்திரி அவன் தலையைப் பின்னால் சாய்த்து, இமையைப் பிரித்து, தன் கையாலேயே விட்டார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவதும் கன்னத்தில். மூன்றாவது தடவை பாட்டிலின் அழுக்கு மூக்கை இடது கண்ணிலேயே குத்திப் பிழிந்தார். அண்ணன் கத்திவிட்டான். வலது கண்ணைக் காட்டவே மாட்டேன் என்று திரும்பிக்கொண்டான். அதனால் அது பிழைத்தது.

மறுநாள் காலை வலது கண் நன்றாகத் திறந்தது. இடது கண்ணில் சீழ். ஃபேக்டரிக்குப் போக வேண்டியவனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். விஷயம் காதில் விழுந்த முதலாளி போனில் விரட்டியதால் மேஸ்திரியும் கூட வந்தார்.

டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: வெல்டிங் வெளிச்சத்தால் வந்தது ஆறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அழுக்கு மருந்தால் கருவிழியில் புண் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். மாஸ்க் இருந்தும் ஏன் போடவில்லை?

பதில் வராததால் அவர் மேஸ்திரியைப் பார்த்தார். நீங்களும் வெல்டரா, கண்ணைச் சோதித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டார். நமக்கு ஒன்றுமில்லை, நான் துணைக்கு வந்தவன் என்றார் மேஸ்திரி. சரி, வந்ததுதான் வந்தீர்கள், நின்ற இடத்திலிருந்தே அந்த போர்டில் மேல் எழுத்தைப் படியுங்கள் என்றார் டாக்டரம்மா. சுவரில் விளக்கு எரியும் போர்டு. மேல் எழுத்து என் உள்ளங்கை அளவு இருந்தது.

மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்த போர்டு?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் பள்ளம் பார்ப்பது வித்தை இல்லை; திறந்து வைத்தாலும் அதே கதைதான். கொஞ்ச காலமாக அவர் ராடைக் கையிலேயே எடுப்பதில்லை. எப்போதும் "நான் புடிக்கறேன், நீ அடி" என்பார். அவர் மனைவி பச்சையம்மா மீனில் முள் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவார். கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவருக்கு முள் எடுக்கத் தெரியாதா என்று கேட்டு, இந்த வயதிலும் என்ன ஆசை என்று பட்டறையே சிரிக்கும். கதவை ஏற்று இறக்கு என்று இழுத்தடித்தது, சொட்டைக் கன்னத்தில் விட்டது எல்லாம் ஒரே காரணம். மாஸ்க்கின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவருக்கு எதுவுமே தெரியாது. ஒருமுறை போட்டால் நான்கு பேர் முன்னால் தடவிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அதனால் மாஸ்க் போடாதவன்தான் ஆம்பளை என்று ஒரு சட்டம் போட்டு, பட்டறை முழுவதையும் அதில் நிற்க வைத்துவிட்டார்.

பிறகு, அவர் மேல் இரக்கப்பட வேண்டும் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். கண் போய்விட்டது என்று சொன்னால் வேலை போய்விடும், பாவம், என்ன செய்வார் என்றார்கள். பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும். தன் பயத்தை மறைக்கச் சாமியை இழுத்தார், எங்கள் வீட்டில் பூஜை இல்லாததை இழுத்தார், என் அண்ணன் கண்ணை இழுத்தார். டாக்டரம்மா, வாருங்கள், இப்போதே பார்த்துவிடலாம் என்று கூப்பிட்டபோது, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பி வரவே இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் நல்ல கண்ணையும் கெடுத்துவிடுவார்கள் என்று பட்டறையில் போய்ச் சொன்னாராம்.

அண்ணனின் கண் புண் ஆறியது. கருவிழியில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. ஃபேக்டரியில் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பரிசோதனையில் இடது கண் தேறவில்லை. அடுத்த ஆளுக்கு வேலை போனது. அம்மா பிளாக் முழுக்க மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

வேறு வழியில்லாமல் அண்ணன் அதே பட்டறைக்குத் திரும்பிப் போனான். முதல் நாள் ஆணியிலிருந்து மாஸ்க்கை எடுத்து, கண்ணாடியில் காய்ந்து கிடந்த குங்குமத்தை ஈரத் துணியால் துடைத்தான். அவ்வளவு நாளும் ஒருவரும் அதைத் துடைக்கவில்லை, ஏனென்றால் ஒருவரும் அதைப் போடவில்லை. அதன் பிறகு அந்தச் சொட்டு பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கும் நான் பொரி வாங்கப் போனேன். மேஸ்திரி தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாகக் கையால் தடவிப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். மாஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் அவர் கை வெறும் பலகையில் பட்டது.

"மாஸ்க்கு எங்கடா?"

"என்கிட்ட கீது மேஸ்திரி" என்றான் அண்ணன். அவன் எல்லாரோடும் தரையில் உட்கார்ந்திருந்தான். மாஸ்க் அவன் மடியில் இருந்தது. "யாருனா அவசரம்னு வந்தா தேவப்படும்."

போன வருஷம் சிரித்தவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும், அடுத்த தடவை தனக்கும் ஒன்று வாங்கித் தரச் சொல்லி முதலாளியைக் கேட்க வேண்டும் என்றான். மேஸ்திரி குரல் வந்த திசையில் திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த சுத்தியலுக்கு இரண்டாவது தடவையாகப் பொட்டு வைத்தார்.

டாக்டரம்மா, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். இதை நீங்கள் படிப்பீர்களோ தெரியாது. படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவிலும் ஒரு டிங்கரிங் பட்டறை இருக்கும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு ராடு அடிக்கிற ஒருவனாவது இருப்பான். அவனுக்குப் படிக்க நேரம் இருக்காது. டீ குடிக்கிற இடைவேளையில் இதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். மேஸ்திரி காதில் விழும்படி கொஞ்சம் சத்தமாகவே படியுங்கள்.